பயத்தை ஜெபத்தில் சொல்லலாமா? சொன்னால் அவிசுவாசமா?

ஈரமண் (இழையைத் தொடங்கியவர்), திங்கள் இரவு 11:42

இங்கே படிக்கிறதோட சரி, இதுவரை எழுதினதில்லை. இன்னைக்கு எழுதாம தூக்கம் வராதுன்னு தோணுது.

மூணு வாரம் முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்தாங்க. "சின்னதா ஒண்ணு தெரியுது, திசு எடுத்துப் பாத்துடலாம்"னு டாக்டர் சொன்னார். எடுத்தாச்சு. ரிசல்ட் வெள்ளிக்கிழமை. எனக்கு வயசு 41. ரெண்டு பிள்ளைங்க.

நான் கேட்க வந்தது அதைப் பத்தி இல்லை, ஜெபத்தைப் பத்தி. முழங்கால் போட்டதும் வாய் தானா ஆரம்பிச்சிடுது: "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோக பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்." இது நல்ல வேளையே இல்லை! உள்ளே ஒருத்தி "இருக்கீங்களா? இருந்தா ஏன் ஒண்ணும் பேசமாட்டேங்கிறீங்க?"ன்னு கத்திக்கிட்டிருக்கா. வெளியே இருக்கிறவ "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது, ஆமென்"னு முடிச்சிட்டு எழுந்திரிக்கிறா. கோர்ட்ல பொய்ச்சாட்சி சொல்லிட்டுக் கூண்டை விட்டு இறங்கின மாதிரி இருக்கு.

ஜெபக்குழுவில் ஒரு அக்காகிட்ட மெதுவா சொன்னேன். "பயத்தை வாயால அறிக்கை பண்ணாதம்மா, சத்துரு அதைப் பிடிச்சுக்குவான். சுகமானேன், சுகமானேன்னு சொல்லிக்கிட்டே இரு"ன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா அதுலேர்ந்து வாயைத் திறக்கவே பயம். நான் பயப்படறேன்னு சொல்லிட்டா அதனாலேயே ரிசல்ட் கெட்டதா வந்துடுமோன்னு.

உள்ளே இருக்கிறதை அப்படியே ஆண்டவர்கிட்ட சொன்னா அது அவிசுவாசமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய_பேனா, செவ்வாய் காலை 5:20

மகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் இருக்கும் திசு, எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. நீ பயந்ததாலோ பயத்தைச் சொன்னதாலோ அதில் ஓர் அணுவும் மாறாது. அந்த அக்கா உன் தோளில் ஏற்றிய சுமையை இன்றே இறக்கி வை. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

13ஆம் சங்கீதத்தைத் திறந்து முதல் இரண்டு வசனத்தை மட்டும் சத்தமாக வாசி. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" அந்த இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு தடவை வருகிறது. இதைப் பாடியது விசுவாசத்தை விட்டு விலகிப்போன ஒரு பின்மாற்றக்காரன் அல்ல, தாவீது. பாடி, இராகத்தலைவனிடம் கொடுத்து, சபை நடுவில் பாட வைத்தார்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுதான். நாம் பாட்டுப் புத்தகத்தில் சேர்க்கும்போது துதியை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

புலம்பல் புத்தகத்தையும் அப்படியேதான் செய்தோம். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பது நம் எல்லார் வீட்டு நாட்காட்டியிலும் தொங்கும் வசனம். அது 3:23. அதே அதிகாரத்தில் சற்றுக் கீழே வா: "ஜெபம் உட்பிரவேசிக்கக்கூடாதபடி உம்மை மேகத்தால் மூடிக்கொண்டீர்." இது 3:44. இதை யாராவது சுவரில் மாட்டி நீ பார்த்திருக்கிறாயா? இரண்டும் ஒரே வாயிலிருந்து, 21 வசன இடைவெளியில் வந்தவை.


அத்திமரம், செவ்வாய் காலை 8:05

சகோதரிக்காக ஜெபிக்கிறேன். ஆனாலும் ஐயா சொன்னதோடு எனக்கு முழு ஒப்புதல் இல்லை, மன்னிக்கணும்.

"ஆனாலும் அவன் எவ்வளவாகிலும் சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்." யாக்கோபு 1:6. "எவ்வளவாகிலும்" என்று இருக்கிறது. கொஞ்சம் சந்தேகப்படலாம் என்று இல்லை. அடுத்த வசனம் அப்படிப்பட்டவன் கர்த்தரிடத்தில் எதையாகிலும் பெறலாமென்று நினையாதிருப்பானாக என்று சொல்கிறது. பிள்ளை பிறக்கும் என்று சொன்ன தூதனிடம் சகரியா ஒரு கேள்வி கேட்டார், பிள்ளைக்குப் பெயரிடும்வரை ஊமையாக இருந்தார். வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் கானானைப் பார்க்கவே இல்லை.

இன்றைக்கு "ஆண்டவர்மேல் கோபப்படலாம், ஒன்றும் ஆகாது" என்று பேசுவது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது. தேவபயம் எங்கே போச்சு?


கேள்விக்குறி, செவ்வாய் காலை 9:31

நான் இப்போ சபைக்குப் போறதில்லை, ஆனா வளர்ந்தது அங்கேதான். சண்டைக்காகக் கேட்கலை. எல்லாம் தெரிஞ்சவர்னு சொல்றீங்க. "என் நாவில் சொல் பிறவாததற்குமுன்னே" எல்லாத்தையும் அறிவார்னு 139ஆம் சங்கீதமே சொல்லுது. அப்புறம் பயத்தை எதுக்கு அவர்கிட்ட சொல்லணும்? அவருக்குத் தகவல் தேவையா?


இரவுப்பணி, செவ்வாய் மதியம் 2:15

இப்பத்தான் எழுந்தேன். ராத்திரி டூட்டி நர்ஸ் நான். கேள்விக்குறி தம்பிக்கு வேதாகமத்திலிருந்து பதில் சொல்ல எனக்குத் தெரியாது, வார்டிலிருந்து சொல்றேன்.

விடிகாலை மூணு மணி. ஆபரேஷன் முடிஞ்ச ஒரு பெரியவர். "வலி இருக்காய்யா?"ன்னு கேட்டா "இல்லம்மா, நல்லாருக்கேன்"கிறார். மானிட்டர்ல நாடித்துடிப்பு 118. கட்டில் கம்பியைப் பிடிச்சிருக்கிற கை வெளுத்துப்போயிருக்கு. அவருக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் "நல்லாருக்கேன்"னு சொல்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரு நாடகத்துலதான் இருக்கோம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு "எட்டு"ன்னார். சொன்னதும் கம்பியை விட்டுட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டார்.

அந்த "எட்டு" எனக்குப் புதுத் தகவல் இல்லை. ஆனா அதுக்கப்புறம்தான் அவர் என்னோட இருந்தார்.


கேள்விக்குறி, செவ்வாய் மதியம் 2:40

ம். இதுக்கு உடனே மறுப்பு வரலை எனக்கு. யோசிக்கிறேன்.


பழைய_பேனா, செவ்வாய் மாலை 6:10

அத்திமரம் தம்பிக்கு: வசனத்தை விட்டுக்கொடுக்காமல் பிடிப்பது நல்லது. அதே பிடியோடு இன்னும் இரண்டு எட்டு வைப்போம்.

யாக்கோபு 1:6க்கு முந்தின வசனம், தேவனை "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்கிறது. கேட்க வருகிறவனை அவர் ஏசமாட்டார் என்ற பின்னணியில்தான் சந்தேகத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. 6ஆம் வசனத்துக் கிரேக்கச் சொல், தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் குறிப்பது. அதனால்தான் 8ஆம் வசனத்தில் "இருமனமுள்ளவன்" என்று முடிக்கிறார். ஈரமண் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. இருமனம் என்பது அதுதானே? உள்ளே இருப்பவளை வெளியே வரவிடாமல் அடைத்து வைப்பது அதைக் குணமாக்குமா, முற்றவைக்குமா?

இன்னொன்று. அதே யாக்கோபு 5:11இல் யாரை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார்? யோபை! தான் பிறந்த நாளையே சபித்து வாயைத் திறந்த மனிதர் அவர் (3ஆம் அதிகாரம்). சந்தேகப்படாதே என்று எழுதிய அதே பேனா அவரைப் பொறுமைக்கு மாதிரி என்கிறது.

வனாந்தரத்து முறுமுறுப்புக்கு எண்ணாகமம் 11 போதும். ஜனங்கள் இறைச்சிக்காக அழுகிறார்கள், எங்கே நின்று? "தங்கள் தங்கள் கூடாரவாசலில்." ஒருவர் காதில் ஒருவர். அதே அதிகாரத்தில் மோசேயும் குமுறுகிறார். இந்த ஜனங்களை நான்தான் பெற்றேனா, எனக்கு இது மிஞ்சின பாரம், இப்படிச் செய்வீரானால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். வார்த்தையின் கனத்தைப் பார்த்தால் ஜனங்கள் பேசியதைவிட இது பெரிது. ஆனால் மோசே அதைக் கூடாரவாசலில் நின்று பேசவில்லை, நேரே கர்த்தரிடம் போய்ப் பேசினார். வந்த பதில் தண்டனை அல்ல. பாரத்தைப் பங்குபோட 70 மூப்பர். முறுமுறுப்புக்கும் முறையீட்டுக்கும் நான் காணும் வித்தியாசம், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான்.


மட்டுறுத்துநர், செவ்வாய் மாலை 7:02

சிகிச்சையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்று சொன்ன ஒரு பதிவு நீக்கப்பட்டது. மீண்டும் வந்தால் கணக்கு முடக்கப்படும். உரையாடல் தொடரட்டும்.


வயலோரம், செவ்வாய் இரவு 9:48

நான் கத்தோலிக்கன். நீங்கள் ஜெபம் என்பதை நாங்கள் செபம் என்போம், நீங்கள் சங்கீதம் என்பது எங்களுக்குத் திருப்பாடல். உள்ளே வரலாமா?

88ஆம் திருப்பாடலை யாரும் சொல்லவில்லையே என்றுதான் வந்தேன். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 13ஆவதுகூட முடியும்போது பாடுகிறது. 88 திரும்பாது. உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடியும் என நினைவு. எபிரேய மூலத்தில் கடைசிச் சொல் "இருள்". எங்கள் பொது மொழிபெயர்ப்பில் இருளே எனக்கு நெருங்கிய நண்பன் என்ற பொருளில் வருகிறது. அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. தொகுத்தவர்கள் நினைத்திருந்தால் ஒரு அல்லேலூயாவை ஒட்டி மங்களமாக முடித்திருக்கலாம், செய்யவில்லை.

ஆனால் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. மொத்த இருட்டையும் அவரிடம்தான் கொட்டுகிறார்.

அன்னை தெரசாவின் தனிப்பட்ட கடிதங்கள் அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 2007இல் வெளியாயின. பல பத்தாண்டுகளாகக் கடவுளின் அருகாமையை உணரவே முடியாமல் இருந்ததை அவற்றில் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதியிருந்தார். அப்போது எங்கள் பங்குக் கோயிலில் சிலர் அதிர்ந்து போனார்கள். எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. அத்தனை ஆண்டும் அவர் செபத்தை விடவில்லை. உணர்வு வறண்டு போவதும் விசுவாசம் போவதும் ஒன்றல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.


அத்திமரம், புதன் காலை 7:50

யோபைச் சொன்னீர்கள், சரி. 38ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பேசத் தொடங்கியதும் முதல் கேள்வி என்ன? "அறிவில்லாத வார்த்தைகளினால் ஆலோசனையை அந்தகாரப்படுத்துகிற இவன் யார்?" இது பாராட்டா? எரேமியா தீர்க்கதரிசி, நீர் எனக்கு வற்றிப்போகிற தண்ணீரைப்போல இருப்பீரோ என்று கேட்டார். வந்த பதில் "நீ திரும்பினால்" என்றுதான் ஆரம்பிக்கிறது (15:19). ஆகவே எதை வேண்டுமானாலும் சொல், அவர் தலையைத் தடவிக்கொடுப்பார் என்று ஒருவருக்குப் போதிக்கக்கூடாது.


பழைய_பேனா, புதன் காலை 8:30

இதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. தலையைத் தடவுவார் என்று நானும் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

ஆனால் யோபின் கடைசி அதிகாரத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கோபம் யார்மேல் மூண்டது? கடவுளுக்காக வக்காலத்து வாங்கின மூன்று நண்பர்கள்மேல். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." கடிந்துகொள்ளப்பட்ட யோபையே அவர் "என் தாசன்" என்கிறார். எரேமியாவும் திட்டு வாங்கினார், வேலையை இழக்கவில்லை. திட்டும் ஒரு பதில்தான். பதிலே வராமல் இருப்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல் என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.


நூல்கண்டு, புதன் மதியம் 12:18

இடையில் வருகிறேன். அப்பா சபையில் மூப்பராக இருந்தவர். அவர் ஜெபித்தால் கூட்டமே அமைதியாகிவிடும், அப்படி ஒரு குரல், அப்படி ஒரு தமிழ். அவர் காலமான பிறகு அலமாரியைச் சுத்தம் செய்தபோது கோடு போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது. ஜெபக்குறிப்புகள். பெரும்பாலும் பெயர்ப் பட்டியல், யாருக்கு வேலை, யாருக்கு அறுவை சிகிச்சை என்று.

என் தம்பி இறந்த வாரத்தில் ஐந்து பக்கம் வெறுமையாக இருந்தது. ஆறாவதில் தேதியைப் போட்டு, "பிதாவே, உம்மோடு பேச எனக்கு இஷ்டமில்லை" என்று ஒரே வரி. அவர் கையெழுத்து மணிமணியாக இருக்கும். அந்த வரியில் பேனா தாளைக் கிழித்திருந்தது.

பேச இஷ்டமில்லை என்பதை யாரிடம் சொல்லியிருக்கிறார் பாருங்கள். அதற்கடுத்த பக்கத்தில் மறுநாள் தேதி, மறுபடி பெயர்ப் பட்டியல். கடைசியில் எங்கள் அம்மா பெயர்.

எங்களிடம் அவர் இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் இருபது வருஷம் தனியாகக் குற்ற உணர்வில் அலைந்திருக்கமாட்டேன். அதுதான் அப்பாமேல் எனக்கு இன்னும் இருக்கிற வருத்தம்.


கேள்விக்குறி, புதன் மதியம் 1:05

எனக்கு யாரும் சபையில் 88ஐயோ இந்த மாதிரி நோட்டையோ காட்டினதில்லை. கேள்வி கேட்டப்ப "ஜெபம் பண்ணு, சரியாகிடும்"னாங்க. கேள்வியையே ஜெபமா பண்ணலாம்னு யாரும் சொல்லலை. இதனால நான் திரும்பி வந்துட்டேன்னு அர்த்தம் இல்லை. சும்மா பதிவு பண்றேன்.


ஈரமண், புதன் இரவு 11:55

எல்லாருடையதையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன். நேத்து ராத்திரி பிள்ளைங்க தூங்கினதும் முயற்சி பண்ணினேன்.

பழைய முன்னுரை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு உட்கார்ந்தா, வார்த்தையே வரலை. அந்த முன்னுரையை எடுத்துட்டா எனக்கு ஜெபிக்கவே தெரியலைங்கிறதுதான் முதல் அதிர்ச்சி. சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பிறகு "பயமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னேன். என்ன பயம்னு எனக்கே தெளிவா இல்லை, சாவுன்னுதான் நினைச்சிருந்தேன். பேசப் பேச வேற ஏதோ வந்தது. என் சின்னவளுக்கு ஏழு வயசு. அவங்க அப்பாவுக்கு ரெட்டைச் சடை பின்னத் தெரியாது. வகிடு கோணலாத்தான் எடுப்பார். அவ கோணல் வகிட்டோட ஸ்கூல் வாசல்ல நிக்கிற மாதிரி ஒரு காட்சி. அதைச் சொல்லி அழுதேன். இதைப் போய் ஆண்டவர்கிட்ட சொல்லுவாங்களான்னு தோணுச்சு, இருந்தாலும் சொல்லிட்டேன்.

அப்புறம்தான் அடியில கிடந்தது மேல வந்துச்சு. போன வருஷம் என் சிநேகிதிக்காக நாங்க பதினோரு பேர் நாப்பது நாள் உபவாசம் இருந்தோம். அவ போயிட்டா. நானும் "தேவசித்தம்"னு எல்லாருக்கும் ஆறுதல் சொன்னேன். நேத்துதான் முதல்தடவை அவர்கிட்ட கேட்டேன்: "அவளுக்குச் செய்யாதவர் எனக்கு மட்டும் ஏன் செய்வீங்க?"

பதில் எதுவும் வரலை. சமாதானம் வந்து மூடிக்கிச்சுன்னெல்லாம் சாட்சி சொல்லமாட்டேன். ஆனா கூண்டுலேர்ந்து இறங்கின மாதிரி இல்லை.


பழைய_பேனா, வியாழன் காலை 5:05

மகளே, உன் சிநேகிதியைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல் எழுதமாட்டேன்.

சிறையிலிருந்து யோவான் ஸ்நானன் ஆள் அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்று கேட்டார். நதியில் நின்று இவர்தான் என்று கைகாட்டியவரே கேட்கிறார். இயேசு பதில் அனுப்பினார், ஆனால் சிறைக் கதவைத் திறக்கவில்லை. கேட்டவர்கள் திரும்பிப் போகும்போது கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் இவனைவிடப் பெரியவன் எழும்பினதில்லை என்றார். அந்தப் புகழ்ச்சி யோவான் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மத்தேயு எழுதவில்லை. இதை நான் விளக்கமாகச் சொல்லவில்லை. உன் பக்கத்தில் அவரையும் உட்கார வைக்கிறேன், அவ்வளவுதான்.

சடை விஷயம் சின்னது என்று வெட்கப்படாதே. "உங்கள் கவலைகளையெல்லாம்" என்றுதான் பேதுரு எழுதினார்.


அத்திமரம், வியாழன் காலை 8:12

யாக்கோபு 1:6 விஷயத்தில் என் நிலையில் மாற்றமில்லை, அதை இன்னொரு இழையில் பேசலாம். "உன் அவிசுவாசத்தைச் சரிபண்ணிவிட்டு வா" என்று, தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி கேட்ட, பிசாசு பிடித்த பையனின் தகப்பனிடம் ஆண்டவர் சொல்லவில்லை என்பது நேற்று இரவு வாசிக்கும்போது கண்ணில் பட்டது (மாற்கு 9:24). அதைச் சொல்லாமல் இருந்தால் நேர்மை இல்லை.

சிஸ்டர், வெள்ளிக்கிழமை உங்களுக்காக உபவாசம் இருக்கிறேன். இதற்கு எந்த நிபந்தனையும் இல்லை.


வயலோரம், வியாழன் மாலை 5:33

கெத்செமனேயைப் பற்றி ஒரு வார்த்தை. கைதாவதற்கு முன் அந்தத் தோட்டத்தில் இயேசு மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளைத்தான் சொல்லிச் செபித்தார் என்று மத்தேயு குறிக்கிறார். ஒருமுறை சொல்லி ஒப்புக்கொடுத்துவிட்டால் திரும்ப அதே பயத்தோடு வரக்கூடாது என்று எண்ண வேண்டாம். "உம்முடைய சித்தம்" என்பதற்கு முன்னால் "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" இருக்கிறது. முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதற்கு நாம் தாவிவிடுகிறோம்.

இன்னொன்று, அங்கே அவர் நண்பர்களிடம் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. என்னோடு விழித்திருங்கள் என்று மட்டும் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள்.


ஈரமண், வியாழன் இரவு 10:20

நாளைக்குக் காலையில் பத்தரைக்கு டாக்டரைப் பார்க்கணும். பயம் குறையலை. எட்டு.


இரவுப்பணி, வியாழன் இரவு 10:41

டூட்டிக்குக் கிளம்பிட்டேன் ஈரமண். காலையில எட்டு மணிக்கு முடியும். வழக்கமா பத்தரைக்கு நான் தூங்கிக்கிட்டிருப்பேன். நாளைக்கு முழிச்சிருக்கேன்.